பட்டமரத்தையும் வரைந்தவர்



இவான் ஷிஷ்கின் என்னும் ரஷ்ய ஓவியரின் பெயர் உங்களில் பலருக்குப் புதிதாக இருக்கலாம். எனினும், மூடுபனி விலகாத பைன் மரக்காட்டில் கரடிக்குட்டிகள் விளையாடும் அவருடைய படத்தை எங்கேனும் கண்டிருப்பீர்கள். 1889ஆம் ஆண்டின் அந்தப் படத்தில் கரடிகளை வரைந்தவர் சவீத்ஸ்கி என்னும் சக ஓவியர்; காடு ஷிஷ்கினுடையது. அந்தக் காட்டின் நடுவே அவர் வைத்தது செழித்த மரத்தை அன்று. முறிந்து சாய்ந்த மரத்தை. குட்டிகள் ஏறி விளையாடுவதும் அதன்மேல்தான்.

1832இல் காமா நதிக்கரையிலுள்ள எலபூகா நகரில் பிறந்த ஷிஷ்கின், காட்டை வரைவதையே தம் வாழ்நாட்பணியாகக் கொண்டார். மரப்பட்டையின் வெடிப்பு, இலையின் விளிம்பு, அடிமரத்துப் பாசி ஆகிய எதையும் அவர் தோராயமாக வரைந்ததில்லை. இது வெறும் நகலெடுப்பு, இதில் கவித்துவம் இல்லை என்று குறைகூறினோர் அக்காலத்திலேயே உண்டு. எனக்கு அது உடன்பாடன்று. சிருஷ்டிகர் உண்டாக்கியதை உள்ளபடியே உற்றுநோக்குவதும் ஓர் ஆராதனையே. காட்டுப்புஷ்பங்களைக் குறித்து நம் ஆண்டவர் பேசியபோது (மத்தேயு 6:28), அவற்றை அழகுபடுத்தச் சொல்லவில்லை, கவனிக்கச் சொன்னார்.

மாஸ்கோவின் திரெத்யாகோவ் கலைக்கூடத்தில் உள்ள 'ரை' என்னும் அவருடைய ஓவியத்தைப் பாருங்கள். ரை என்பது ரஷ்யர்களின் கறுப்பு ரொட்டிக்கு மாவு தரும் தானியம். அறுவடைக்கு முற்றிய பொன்னிற வயல். நடுவே ஒரு வண்டிப்பாதை. காவலர்போல் நிற்கும் நெடிய பைன் மரங்கள். அவற்றினூடே இலையற்ற ஒரு பட்டமரம்.

அந்த ஓவியம் 1878இல் நிறைவடைந்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1874இல், அவர் தம் மனைவியை இழந்திருந்தார். அந்த ஆண்டுகளிலேயே சிறு பிள்ளைகளையும் மண்ணுக்குக் கொடுத்திருந்தார். அந்தப் பட்டமரம் அவருடைய துக்கமே என்று சொல்வோர் உண்டு. அப்படி வாசிக்காவிட்டாலும் ஒன்று தெளிவு: அதை விட்டுவிட்டு வரைந்திருந்தால் படம் இன்னும் இனிமையாக இருந்திருக்கும். அவர் விடவில்லை. விளைச்சலுக்காகப் பட்டமரத்தை மறைக்கவுமில்லை. பட்டமரத்திற்காக விளைச்சலை மறுக்கவுமில்லை.

பிரியமானவர்களே, நம் சாட்சி வேளைகளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வேலை கிடைத்தது, சுகம் கிடைத்தது, வீடு கட்டி முடிந்தது என்று பச்சை மரங்களை மட்டுமே முன்வைக்கிறோம். பிள்ளையை அடக்கம்பண்ணிய தாயும், ஜெபித்தும் சுகம் காணாத சகோதரனும் பின்வரிசையில் மௌனமாக அமர்ந்திருக்கிறார்கள். தங்கள் விசுவாசம் குறைவுபட்டதோ என்று அவர்கள் உள்ளம் குமுறுகிறது. அந்த மௌனத்தை உண்டாக்குவது நாமே என்பது என் கருத்து.

துயரத்தைச் சபையில் பேசினால் விசுவாசம் தளர்ந்துவிடாதா என்று சிலர் கேட்கலாம். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. ஆறுதலான ஒரு முடிவுரை அதற்கு இல்லை. ஆயினும் பரிசுத்த வேதம் அதைத் துதிகளின் புத்தகத்திலிருந்து நீக்கிவிடவில்லை. தேவன் தாங்கிக்கொள்ளும் புலம்பலைச் சபை தாங்கமாட்டாதோ?

1881இல் ஷிஷ்கின் தம் இரண்டாம் மனைவியையும் இழந்தார். அதன்பின்னும் வரைந்தார். 1898இல் அவர் நிறைவுசெய்த கடைசிப் பெரும்படைப்பு, கப்பலின் பாய்மரத்துக்கேற்ற நெடுமரங்கள் வெயிலில் ஒளிரும் ஒரு காடு. அவ்வாண்டு மார்ச் மாதத்தில், வரைபலகையின் முன்னிருந்தபடியே மரித்தார்.

இந்த வாரம் உங்கள் அருகில் அமர்பவரிடம், கர்த்தர் செய்த நன்மையை மட்டும் கேளாதிருங்கள்; அவருடைய பட்டமரத்தையும் கேளுங்கள். திருத்த முயலாமல், உடனிருந்து கேளுங்கள். முறிந்த மரத்தின்மேலும் குட்டிகளை விளையாடவிடும் தேவன் நம் யாவரோடும் இருப்பாராக. ஆமென்.