தராசும் தெய்வமும்

"கோயிலில் சம்பளப் பேச்சு வேண்டாம், சாமி வேறு, சங்கம் வேறு" என்று உபதேசம் செய்யும் பெரிய மனிதர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு ஒரு பழைய தொழிலாளியை அறிமுகம் செய்கிறேன். பெயர் ஆமோஸ், விவிலியத்துத் தீர்க்கதரிசி. ஊர், யூதா நாட்டுத் தெக்கோவா. தொழில், ஆடு மேய்ப்பதும் காட்டத்தி மரம் பார்ப்பதும். அந்தக் காயைக் கீறிவிட்டால்தான் நன்றாகப் பழுக்கும். நம்மைப் போல் மரத்தையும் கத்தியையும் நம்பிப் பிழைத்தவர்!

காலம் கி.மு. 8ஆம் நூற்றாண்டு. வடக்கே இஸ்ரவேலில் இரண்டாம் யெரொபெயாம் ஆட்சி. போர் ஓய்ந்தது, எண்ணெயும் திராட்சை ரசமும் தலைநகர் சமாரியாவில் குவிந்தன. செல்வம் பெருகியது. யாருக்கு? விளைச்சல் பொய்த்தால் குடியானவன் கடன் வாங்கினான். கடனுக்கு நிலம் போயிற்று. பிறகு அவனே அடிமையாகப் போனான். தானியம் அளக்கும் மரக்கால் சிறுத்தது. அவன் தரும் வெள்ளியை நிறுக்கும் எடைக்கல் பருத்தது. ஏழையிடம் அடகு பிடித்த துணியை விரித்துப் பலிபீடத்தருகே சாய்ந்தார்கள் பக்தர்கள்! இந்த அநியாயத்தைத்தான் ஆமோஸ் தட்டிக் கேட்டார்.

கட்டுக்கதையா? சமாரியாவைத் தோண்டியவர்கள் தந்தத்தில் செதுக்கிய அலங்காரத் துண்டுகளைக் கண்டெடுத்தனர். 1910இல், எண்ணெயும் ரசமும் வந்த கணக்கை மையால் எழுதிய ஓட்டுத் துண்டுகளும் கிடைத்தன. ஆண்டு உண்டு, ஊர் உண்டு, பெயர் உண்டு, ஜாடி உண்டு. பிழிந்தவன் வயிறு நிறைந்ததா என்பது மட்டும் இல்லை. நானும் கிராணிதான், அப்படிப்பட்ட கணக்கு எனக்குப் புதிதல்ல.

பெத்தேல் ஆலயத்தில் ஆமோஸ் வாய் திறந்ததும், அங்கிருந்த குரு அமத்சியா 'சதிகாரன்' என்று அரசனுக்குச் சொல்லியனுப்பினார். உன் நாட்டுக்கே போய்ப் பிழைத்துக்கொள் என்று ஆமோஸை விரட்டினார். இந்தப் பேச்சு நமக்குப் புதிதா? 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் இழிவு ஒழியவேண்டும் என்றார்கள். தலைவர் ஆர்.எச். நாதன் கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தக்காரர்களுக்குத் துப்பாக்கி பதில் சொன்னது, உயிர்கள் பறிபோயின.

நியாயம் கேட்பவனை அந்நியன் என்பது அன்றுமுதல் வரும் தந்திரம். ஏமாறாதீர்கள்!

கிராணித் தோழர்களே! செகிஞ்சான், கோல சிலாங்கூர்ப் பக்கம் எந்தத் தோட்டமானாலும் பால் நிறுக்கும் தராசின் அருகே நிற்பவர்கள் நாம். நம் பேனா யார் பக்கம்? தராசு முள்ளைத் தொழிலாளி பார்க்கும்படி திருப்பி வைப்போம். கள்ளத் தராசைக் கையில் வைத்துக்கொண்டு கற்பூரம் கொளுத்தினால் எந்தச் சாமி ஏற்கும்?