பொமரேனியன் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

சென்னையில் பொமரேனியன், பக், ஷிட்சு, டாஷண்ட் என்று சிறு நாய்களை வளர்க்கும் சில குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து, புதிதாகக் குட்டி வாங்க நினைப்பவர்களிடம் இந்த வேண்டுகோளை வைக்கின்றன. குட்டியின் விலையை விசாரிக்கும்போதே, அதன் ஆயுள் முழுவதற்குமான வைத்தியச் செலவையும் விசாரித்துக்கொள்ளுங்கள் என்பதே அது.

அடுக்குமாடி வீட்டுக்குச் சிறு நாய்தான் தோது, செலவும் கொஞ்சம்தான் என்று எண்ணியே பலர் வாங்குகிறார்கள். சாப்பாட்டைப் பொறுத்தவரை அது சரி. மூன்று கிலோ நாய்க்கு மாத்திரையும் எடைக்கேற்பக் குறைவாகவே தேவைப்படும். ஆனால் டாக்டர் கட்டணம், ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன் எதுவும் நாய் சிறிது என்பதற்காகப் பெரிதாகக் குறைவதில்லை. தடுப்பூசி மருந்தும் ராஜபாளையம் நாய்க்குப் போடும் அதே அளவுதான். அறுவைச் சிகிச்சை என்று வந்தால் சிறு நாய்க்குக் கவனிப்பு கூடவே வேண்டும். மயக்கத்தில் இருக்கும்போது சிறு உடல் சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

பல்லையே எடுத்துக்கொள்ளலாம். ராஜபாளையத்துக்கும் 42 பற்கள், உள்ளங்கைக்குள் அடங்கும் பொமரேனியன் முகத்திலும் 42 பற்கள். இடம் போதாமல் நெருக்கியடித்து நிற்கும் அந்தப் பற்களுக்கிடையே உணவு தங்கி, காரை படிந்து, ஈறு வீங்கும். பால் பல் விழாமல் நின்றுவிட, அதன் பக்கத்திலேயே புதுப் பல் முளைத்து நிற்பதும் உண்டு. வாய் நாறுகிறது என்று வீட்டார் கவனிப்பதற்குள் சில பற்கள் ஆடத் தொடங்கியிருக்கும். முழு மயக்கம் கொடுத்துத்தான் சுத்தம் செய்ய முடியும். அதற்கு முன் ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள். குட்டியாக இருக்கும்போதே நாய்களுக்கான பற்பசையால் தேய்த்துப் பழக்கினால் இந்தச் செலவைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடலாம்.

பெண் நாயென்றால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கருத்தடை செய்யாத ஒன்பது வயது நாய், பருவம் முடிந்து சில வாரங்களில் சாப்பாட்டை ஒதுக்குகிறது, தண்ணீரை மட்டும் மடக் மடக்கென்று குடிக்கிறது. வெயிலுக்குத்தான் இப்படி என்று நாலு நாள் விட்டால், கருப்பையில் கட்டிய சீழ் உயிருக்கே உலை வைத்துவிடும். ஸ்வீடனில் காப்பீடு செய்யப்பட்ட நாய்களை ஆராய்ந்தபோது, கருத்தடை செய்யாத பெண் நாய்களில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் இந்நோய் வந்திருந்தது. இளவயதில் திட்டமிட்டுச் செய்யும் கருத்தடைக்கு ஆகும் செலவு, நடுராத்திரியில் செய்யும் அவசர அறுவைச் சிகிச்சைக்கும் அதன் பிறகான படுக்கைக்கும் பக்கத்தில்கூட வராது.

பக் நாய்க்கு மூச்சு, டாஷண்டுக்கு முதுகுத்தண்டு, பொமரேனியனுக்கு முழங்கால் சில்லும் மூச்சுக்குழாயும் என்று ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு. குட்டியை விற்பவர் இதையெல்லாம் சொல்வதில்லை. கேட்டாவது தெரிந்துகொள்ள வேண்டும். கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை வாங்குவது சின்னச் செலவு, மூச்சுக்குழாய்க்கு அது பெரிய நிம்மதி. உண்ணி மருந்தையும் மாதம் தவறவிடக் கூடாது, உண்ணிக் காய்ச்சல் வந்தால் செலவு பல மடங்கு. காசை மிச்சம் பிடிக்க, வீட்டில் இருக்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. மூன்று கிலோ உடம்பு அதைத் தாங்காது.

சிறு நாய்கள் 12 முதல் 15 ஆண்டுவரை வாழக்கூடியவை. வைத்தியத்துக்கென்று மாதம் 500 ரூபாய் தனியே போட்டுவந்தால் 14 ஆண்டுகளில் 84,000 ரூபாய் சேரும். முதுமையில் இதய நோயோ சிறுநீரகக் கோளாறோ வரும்போது அந்தப் பணம் கைகொடுக்கும். காப்பீடு எடுப்பதானால் நாய் இளமையாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். சிகிச்சைக்கு முன் உத்தேசச் செலவை எழுதித் தரக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். கால்நடை மருத்துவமனைகள் தரும் சிகிச்சைக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு பில்லைப் பாருங்கள்.

தனியாரிடம் போகக் கட்டுப்படியாகாதவர்களுக்கு, 1903இல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனை இருக்கிறது. காத்திருக்கத்தான் வேண்டும், ஆனால் கட்டணம் மிகக் குறைவு, பெரிய அறுவைச் சிகிச்சையும் அங்கே நடக்கிறது.

வைத்தியத்துக்குப் பணம் புரளாதபோது நாயை வேறு தெருவில் இறக்கிவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். மெத்தையில் படுத்து வளர்ந்த பொமரேனியன் தெருவில் வெகுநாள் தாங்காது. கையில் பணமில்லை என்றால் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள், குறைந்த செலவில் என்ன செய்யலாம் என்று கேளுங்கள். வளர்க்கவே முடியாத நிலை வந்தால் தெரிந்த ஒரு குடும்பத்தின் கையில் ஒப்படையுங்கள். தெருவில் மட்டும் விடாதீர்கள்.