நடந்தே போகலாம்

வவுனியா நகரத்தில் குடியிருப்பவருக்கு ஒரு பாக்கியம் உண்டு. அன்றாட அலுவல்களில் முக்கால்வாசிக்கு வாகனம் வேண்டியதில்லை. வைரவபுளியங்குளத்தில் வீடென்றால் புகையிரத நிலையம் நடைதூரம். கடைவீதியும் மணிக்கூட்டுக் கோபுரமும் இன்னும் கொஞ்சம் தள்ளி. பின்னேரம் அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். ரியூசன் விட்ட பிள்ளைகள் சைக்கிளை உருட்டிக்கொண்டு, கதை முடியாமல் ஒழுங்கை முடக்கில் நிற்பார்கள். பாண் வாங்கப் போன அம்மா வழியில் நாலு பேரிடம் சுகம் விசாரித்துவிட்டுத்தான் வீடு திரும்புவார். மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு இது கிடைக்காது. ஒரு தலையசைப்போடு சரி.

கிளிநொச்சி வேறு மாதிரி. 1936இல் குடியேற்றத் திட்டமாகத் தொடங்கிய ஊர் அது. காணிகள் பெரிது, நகரம் ஏ9 வீதியை ஒட்டி நீண்டு கிடக்கிறது. கரடிப்போக்கிலிருந்து டிப்போச் சந்திக்கு மத்தியான வெயிலில் நடக்கச் சொன்னால் யார்தான் நடப்பார்கள்? அதனால்தான் வவுனியாவில் இருப்பதையாவது காப்பாற்ற வேண்டும் என்கிறேன். நடைபாதையில் கடைச் சாமான்களும் மோட்டார் சைக்கிள்களும் ஏறி நிற்க, வயதானவர்கள் வீதியில் இறங்கி லொறிக்கு ஒதுங்கி ஒதுங்கி நடக்கிறார்கள். இது சின்ன விசயம் அல்ல, உயிர் போகிற விசயம். மாநகரசபை நடைபாதைகளை மீட்டுத் தரவேண்டும்; வழிநெடுக வேம்போ மருதோ நிழலுக்கு நடவேண்டும். கடை முதலாளிமாரே, நீங்களும் வாசலில் நாலடி இடம் விடுங்கள். நடந்து வருகிறவர்தான் உங்கள் கடைக்குள்ளும் ஏறுகிறார்.