பெயர்களில் வாழும் அரசர்

முடியாட்சிக் காலம் முடிந்துவிட்டது. 1971ஆம் ஆண்டில் நிறைவேறிய அரசியலமைப்பின் 26ஆவது திருத்தம், முன்னாள் மன்னர்களுக்கு இருந்த அங்கீகாரத்தையும் மானியத்தையும் நீக்கியது. எனினும், அரசரைக் குறித்த சொற்கள் மறையவில்லை. அவை மக்கட்பெயர்களிலும் ஊர்ப்பெயர்களிலும் வாழ்கின்றன.

'கோ' என்னும் ஓரெழுத்துச் சொல் அரசனைக் குறிக்கும். கோவின் இல்லம் கோயில். அச்சொல் பின்னர் இறைவன் உறையும் இடத்திற்கு ஆயிற்று. இளைய கோ, இளங்கோ ஆனான். வேந்தன், அரசி, ராஜா, ராணி ஆகியனவும் தனித்தோ பிற சொற்களோடு சேர்ந்தோ பெயர்களாயின. தமிழ்வேந்தன், கலையரசி, செல்வராஜ், ஜெயராணி ஆகியவை அத்தகையவை. உரோமில் இதன் மறுதலை நிகழ்ந்தது. சீசர் என்னும் குடும்பப் பெயரே ஜெர்மனியில் 'கைசர்' எனவும் ரஷ்யாவில் 'ஜார்' எனவும் அரசப் பட்டமாயிற்று.

ஊர்ப்பெயர்களுள் கங்கைகொண்ட சோழபுரம், சேரன்மகாதேவி ஆகியவை நாம் நன்கு அறிந்தவை. கோலார் மண்ணும் இதற்கு விலக்கன்று. 11ஆம் நூற்றாண்டில் சோழர் ஆட்சியில் இருந்த இப்பகுதி 'நிகரிலிச்சோழ மண்டலம்' எனப்பட்டது. நிகரிலி என்றால் ஒப்பில்லாதவன். கோலாரம்மா கோயிலில் சோழர்காலத் தமிழ்க் கல்வெட்டுகளை இன்றும் காணலாம். பங்காரப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் செல்லும் வழியில் உள்ள 'கோரமண்டல்' நிலையத்தின் பெயரும் சோழமண்டலம் என்பதன் திரிபே என்பர் அறிஞர். கன்னடத்திலும் அரசி என்பது அரசியே. ஹாசன் மாவட்டத்து அரசிகெரே என்னும் ஊர்ப்பெயருக்கு 'அரசியின் ஏரி' என்பது பொருள்.

"உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைக்கு அரசப் பெயர் எதற்கு?" என்று எள்ளுவோர் உளர். அது பொருந்தாத எள்ளல். தங்கவயலில் ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என ஆங்கிலேயர் பெயர்கள் ஊர்ப்பெயர்களாக நிலைத்தன. 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் பாறையைப் பிளந்த தொழிலாளர்க்கோ, ஊருக்குப் பெயரிடும் அதிகாரம் இல்லை. பிள்ளைக்குப் பெயரிடும் உரிமை மட்டுமே இருந்தது. அவ்வுரிமையைக் கொண்டு மகனை ராஜா என்றும் மகளை ராணி என்றும் அழைத்தனர். அது வெறும் ஆடம்பரம் அன்று. தம் பிள்ளைகள் எவர்க்கும் தாழ்ந்தவர் அல்லர் என்று அவர்கள் கூறிய உறுதிமொழியாகவே அதைக் கொள்ள வேண்டும்.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று தங்கவயலார் பலர் வேலைக்காக நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலில் செல்கின்றனர். புதிய இடங்களில் பிறர் வசதிக்காகப் பெயரைச் சுருக்கிக்கொள்வது எளிது. ஆயினும், பாட்டனும் பாட்டியும் எண்ணி இட்ட பெயரின் பொருளை அறிந்து, அதை முழுமையாகவும் பிழையின்றியும் எழுதுவதே அவர்களுக்குச் செய்யும் மரியாதையாகும்.

சிந்தித்து எழுதுக
1. உம் வீட்டாரின் பெயர்களுள் அரசரைக் குறிக்கும் சொல் உள்ளதா? அப்பெயரை இட்டவர் யார்? வீட்டில் கேட்டு எழுதுக.
2. 'அரசப் பெயர் ஆடம்பரம் அன்று' என்னும் கருத்தை நீவிர் ஏற்கின்றீரா? காரணம் தருக.