அளவு தப்பலாமா?

"முன் அனுபவம் உண்டா தம்பி?"

ஓட்டல் பாரில் வேலை கேட்டுப் போகும் வாலிபர்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி இதுதான். "இல்லை சார்" என்றால், "நம்பரைக் கொடுத்துட்டுப் போ, பார்க்கலாம்" என்று பதில் வருகிறது. வேலையே கொடுக்காவிட்டால் அனுபவம் எங்கிருந்து வரும்? வானத்திலிருந்தா குதிக்கும்?

மது ஊற்றிக் கொடுப்பவருக்கு 'பார்டெண்டர்' என்று பெயர். டாஸ்மாக் கடையை ஒட்டிய பாரில் டம்ளரும் சுண்டலும் கொடுக்கும் பையனின் வேலை வேறு. இது, ஓட்டல் பாரில் நின்று அளந்து ஊற்றும் வேலை.

தரமணியில் உள்ளது போன்ற ஓட்டல் நிர்வாகக் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு இது பாடத்திலேயே உண்டு. அந்த வசதி இல்லாதவர்கள் கிளாஸ் கழுவித்தான் தொடங்க வேண்டும். ஐஸ் சுமப்பது, எலுமிச்சம்பழம் நறுக்குவது, காலி பாட்டில்களை எண்ணி வைப்பது என்று மாதக்கணக்கில் ஓடும். அதில் தப்பில்லை. எந்தத் தொழிலும் எடுபிடியில்தான் ஆரம்பம்.

30 மில்லி கணக்கு

பாட்டில் கைக்கு வந்த பிறகுதான் உண்மையான சோதனை.

சின்ன பெக் 30 மில்லி. 750 மில்லி பாட்டிலில் 25 பெக். கை தவறி 35 மில்லி ஊற்றினால் 21 பெக்தான் தேறும், முதலாளிக்கு நஷ்டம். 25 மில்லி ஊற்றினால் 30 பெக் வரும்; அந்த 5 பெக் காசு வாடிக்கையாளர் பையிலிருந்து போகிறது. மளிகைக் கடையில் எடைக்கல்லைக் குறைப்பதும் இதுவும் ஒன்றுதான்!

"கொஞ்சம் குறைச்சு ஊத்துப்பா" என்று மேலே இருப்பவர் சொன்னால், நேற்று வந்த வாலிபர் என்ன செய்வார்?

இன்னொரு சோதனையும் உண்டு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். 2019-ல் வந்த திருத்தப்படி, முதல் தடவையே ரூ.10 ஆயிரம் அபராதம்; 6 மாதம் வரை ஜெயிலும் உண்டு. தள்ளாடுகிறவரிடம், "போதும் சார், ஆட்டோ கூப்பிடவா?" என்று சொல்ல வேண்டியவர் பார்டெண்டர்தான். அவர் வாய் திறந்தால், ரோட்டில் போகும் யாரோ ஒருவரின் உயிர் தப்பும்.

துணிச்சல் எப்படி வரும்?

இந்த இரண்டு இடத்திலும் "முடியாது" என்று சொல்லத் துணிச்சல் வேண்டும். வேலைக்கான ஆர்டர் இல்லை, "முதல்ல கத்துக்கோ, சம்பளம் அப்புறம்" என்ற பேச்சு, உடைந்த கிளாசுக்கெல்லாம் பிடித்தம். இப்படி வைத்திருந்தால் துணிச்சல் எப்படி வரும்? ஊழியரின் கவனக்குறைவால் நஷ்டம் வந்தால்தான் சம்பளத்தில் பிடிக்கலாம். அதற்கும் முன்பு அவர் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். புதியவர்களுக்கு இதைச் சொல்வார் யார்?

டெல்லியில் ஒரு காலத்தில் சட்டமே குறுக்கே நின்றது. அங்கே அமலில் இருந்த 1914-ம் ஆண்டு பஞ்சாப் கலால் சட்டம், மது அருந்தும் இடங்களில் பெண்களையும், 25 வயது ஆகாத ஆண்களையும் வேலைக்கு வைக்கத் தடை போட்டிருந்தது. பெண்களுக்கான அந்தத் தடை செல்லாது என்று 2007 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. சட்டம் திறந்துவிட்ட கதவை, "அனுபவம் உண்டா?" என்ற கேள்வி மூடலாமா?

"பார்லயா வேலை? பொண்ணு யார் கொடுப்பாங்க?" என்று கேட்கும் வீடுகளும் யோசிக்க வேண்டும். மது விற்பது சரியா, தப்பா என்பது தனி வழக்கு. விற்கிற இடத்தில் நாணயமான ஆள் நிற்க வேண்டும் என்பதில் யாருக்கும் இரண்டு கருத்து இருக்க முடியாது.

ஓட்டல் முதலாளிகள் புதியவர்களை எடுக்கட்டும். முதல் நாளே ஆர்டரும், பேசிய சம்பளமும், இரவு வீடு திரும்ப வண்டியும் கொடுக்கட்டும். ஊற்றுகிறவர் அளவு தப்பக்கூடாது என்றால், அவருக்குக் கொடுப்பதிலும் அளவு தப்பக்கூடாது!