உம்மாவுக்கும் ஒரு நேரசூசி

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் எனக்காக எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு நேரசூசி ஒட்டப்பட்டிருக்கிறது. நான் படிக்கும் நேரத்தில் யாரும் டீவி போடுவதில்லை. பதினேழு வயது மூளைக்கு வீடு இவ்வளவு மரியாதை கொடுக்கிறது. நாற்பத்தைந்து வயது மூளைக்கு அதில் கால்வாசியாவது கிடைக்கிறதா?

"வயசு போயிட்டு மகள், ஒண்டும் ஞாபகத்துல நிக்கிதில்ல" என்று தாய்மார் பலர் சொல்கிறார்கள். வீட்டாருக்கு அது ஒரு பகிடி. ஆனால் நடுத்தர வயது என்பது மூளை ஓய்ந்துபோகும் காலமல்ல. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வோர்னர் ஷாயி 1956இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வு இதைக் காட்டியது. வேகம் இளமையிலிருந்தே மெல்லக் குறைகிறது. சொல்வளமும் காரணம் கண்டறியும் ஆற்றலுமோ நடுத்தர வயதில்தான் உச்சத்தை அடைகின்றன.

அப்படியானால் ஏன் இந்த மறதி? தூக்கக் குறைவு, மனச்சுமை, மாதவிடாய் நிற்கும் காலத்து ஹோர்மோன் மாற்றம், ஒரே நேரத்தில் பத்து வேலை ஆகியன பொதுவான காரணங்கள். சாவியை எங்கே வைத்தோம் என்பது மறந்தால் பயப்படத் தேவையில்லை. சாவி எதற்கென்பதே விளங்காமற்போனால் வைத்தியரைக் காண வேண்டும்.

முதுமையில் வரும் மறதிநோய்க்கான விதை பெரும்பாலும் நடுத்தர வயதிலேயே விழுந்துவிடுகிறது. ‘லான்செட்’ மருத்துவ சஞ்சிகையின் நிபுணர் குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிடுகிறது. அவற்றைச் சரிசெய்தால் ஏறத்தாழ 45 வீதமான மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இடமுண்டு என்கிறது. உயர் இரத்த அழுத்தம், சீனி வருத்தம், கெட்ட கொலஸ்ட்ரோல், உடலுழைப்பின்மை, மனச்சோர்வு, கேட்டல் குறைபாடு என்பன அதில் நடுத்தர வயதுக்குரியவை. உடல் நிறையில் சுமார் 2 வீதமேயான மூளை, உடலின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. அதற்கு இரத்தம் கொண்டு செல்லும் நுண்ணிய குழாய்களை, வெளியே தெரியாமலே பிரஷர் பழுதாக்குகிறது.

எங்கள் வீடுகளில் நடப்பது என்ன? மூத்தும்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்பவர் உம்மா. தம்பியை டியூஷனுக்குக் கூட்டிச் செல்பவரும் உம்மா. தனது பிரஷரை அளந்து பார்க்கத்தான் அவருக்கு நேரமில்லை. 35 வயதைத் தாண்டியவர்களுக்கு இலவசமாகப் பரிசோதனை செய்யும் நிலையங்கள் அரச வைத்தியசாலைகளில் இயங்குகின்றன. அங்கே போக ஒரு காலைப்பொழுது போதும்.

"நாள் முழுக்க வேலை செய்கிறவருக்கு உடற்பயிற்சி எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். வீட்டு வேலையில் உடல் அசைகிறது, உண்மைதான். ஆனால் இருபது வருடமாகச் செய்யும் அதே வேலை மனதுக்குப் புதிதாக எதையும் கொடுப்பதில்லை. வாரத்துக்கு 150 நிமிடமாவது உடல் சற்று வேகமாக இயங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாள் அரை மணி நேரம் விரைவாக நடந்தால் அது நிறைவேறிவிடும். அதோடு வாசிப்பு, புதிதாக ஒரு கைப்பணி அல்லது மொழி, நாலு பேரோடு மனம்விட்டுப் பேச்சு. பரம்பரையும் வயதும் நம் கையில் இல்லை, இவை இருக்கின்றன.

கல்விக் குறைவும் அந்தப் பதினான்கில் ஒன்று என்பதைத் தோழியர் கவனிக்க வேண்டும். பெண்பிள்ளையின் படிப்பை இடையில் நிறுத்துவது அவளது தொழிலை மட்டுமல்ல, அறுபது வயதில் அவளது ஞாபகத்தையும் பாதிக்கக்கூடும்.

ஆகவே வாப்பாமாரிடமும் நானாமாரிடமும் தோழியரிடமும் நான் கேட்பது இதைத்தான். சுவரில் இன்னொரு நேரசூசி ஒட்டுங்கள். சுபஹுக்குப் பின் அரை மணி நேரம் உம்மா நடக்கட்டும்; தேத்தண்ணியை வேறொருவர் ஊற்றலாம். இந்தச் சஞ்சிகை வீட்டுக்கு வந்ததும் முதலில் அவர் கையில் கொடுங்கள். அவர் வாசித்து முடிக்கும்வரை இராச் சாப்பாட்டுக் கோப்பைகளை நாங்கள் கழுவுவோம்.