குருத்தணு மருத்துவமும் ஒப்புதல் தமிழும்

குருத்து என்னும் சொல்லை அறியாத தமிழர் இலர். வாழையும் தென்னையும் வளரும் ஊர்களில், நடுக்குருத்து நலமாக இருந்தால் மரம் பிழைத்துக்கொள்ளும் என்பது உழவர் நன்கு அறிந்த செய்தி. உடலின் பிற உயிரணுக்களை உண்டாக்க வல்ல மூல உயிரணுவுக்குக் ‘குருத்தணு’ எனப் பெயரிட்டோர் இதனை மனத்திற்கொண்டே பெயரிட்டிருத்தல் வேண்டும். செய்தித்தாள்கள் ‘ஸ்டெம் செல்’ என எழுதுவதும் இதனையே. இத்துறையில் நடைபெறும் மருத்துவ ஆய்வுகளைப் பற்றித் தமிழாசிரியன் ஒருவன் எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். அதற்கான விடை இக்கட்டுரையின் நடுவில் இருக்கிறது.

குருத்தணு மருத்துவம் வெறுங்கனவு அன்று. எலும்பு மஜ்ஜையில் உள்ள குருத்தணுக்களே நம் குருதியை நாள்தோறும் உண்டாக்குகின்றன. அவற்றை ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்கு மாற்றும் மருத்துவம் நம் நாட்டில் 1983ஆம் ஆண்டு மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையிலும், 1986ஆம் ஆண்டு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் தொடங்கியது. குருதிப் புற்றுநோயாலும் தாலசீமியாவாலும் துன்புற்ற எத்தனையோ பேர் அதனால் பிழைத்திருக்கின்றனர். ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தார், கருவிழியின் ஓரத்தில் உள்ள குருத்தணுக்களைக் கொண்டு, சுண்ணாம்பும் அமிலமும் பட்டு வெந்துபோன கண்களுக்கு 2001 முதல் மருத்துவம் செய்து வருகின்றனர். நலமாக உள்ள கண்ணிலிருந்து கடுகளவு திசுவை எடுத்துத் துணுக்குகளாக்கி மறு கண்ணில் பதியவைக்கும் எளிய முறையையும் அவர்களே வகுத்தனர். 2016இல் வெளிவந்த அவர்களது கணக்கின்படி, அம்முறையில் மருத்துவம் பெற்ற 125 கண்களில் நூற்றுக்கு 76 நலம் பெற்றன. வெற்றிலைப் பெட்டியும் சுண்ணாம்பும் குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும் நம் வீடுகளுக்கு இது அயலான செய்தி அன்று.

அண்மைச் சான்று ஒன்றும் உண்டு. ஹீமோபிலியா என்னும் குருதி உறையாமை நோய் கடுமையாக இருந்த ஐவர்க்கு, வேலூர் அறிஞர்கள் அவரவர் குருத்தணுவையே எடுத்து, குறைபட்ட மரபணுவுக்கு ஈடாக நல்ல மரபணுவை அதனுள் சேர்த்து மீண்டும் உடலில் செலுத்தினர். கண்காணிப்புக் காலத்தில் ஐவர்க்கும் குருதிக் கசிவு நேரவில்லை என்னும் முடிவு 2024 டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழி’ல் வெளியாயிற்று. ஐவர் என்பது சிறு தொகைதான். சிறு தொகை என்பதை மறைக்காமல் எழுதியதுதான் அவ்வாய்வின் பெருமை.

சிகிச்சை வேறு, ஆய்வு வேறு

மேற்கூறியவை யாவும் ஆய்வாகத் தொடங்கியவை. ஆய்வு என்பது, பயன் இன்னும் உறுதிப்படாத ஒன்றை முறையாகச் செய்து பார்த்தல். முதற்கட்டத்தில் அது உடலுக்குத் தீங்கு செய்யுமா என்று பார்ப்பர். இரண்டாம் கட்டத்தில் பயன் தருமா, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று பார்ப்பர். மூன்றாம் கட்டத்தில் பலர்க்குக் கொடுத்து, வழக்கமான மருத்துவம் பெறுவோரோடு ஒப்பிட்டுப் பார்ப்பர். இக்கட்டங்களைத் தாண்டியதே சிகிச்சை எனப்படும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2007இல் வெளியிட்ட நெறிமுறையின் தலைப்பில் ‘குருத்தணு ஆராய்ச்சியும் சிகிச்சையும்’ என்றிருந்தது. 2013இல் அதனைத் திருத்தியபோது ‘சிகிச்சை’ என்னும் சொல்லையே தலைப்பிலிருந்து நீக்கிவிட்டனர். குருதி நோய்கள் போன்ற ஏற்கப்பட்ட சில நோய்கள் தவிர, பிற நோய்களுக்குக் குருத்தணுவை ஒப்புதல் பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே செலுத்தலாம் என்பதே 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின் நிலைப்பாடும் ஆகும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு இதனைச் சிகிச்சையாகப் பரிந்துரைப்பதற்கில்லை எனத் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. ஒரு சொல்லை வைப்பதற்கும் எடுப்பதற்கும் இடையே எத்தனை குடும்பங்களின் வாழ்வு இருக்கிறது என்பதை நான் என் வீட்டில்தான் கற்றேன்.

எங்கள் வீட்டில் நிகழ்ந்தது

என் தமக்கையார் வில்லியனூரை அடுத்த சுல்தான்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய இளைய மகனுக்கு ஆறு வயதாக இருக்கையில் நடை தளர்ந்தது. படியேறத் தொடையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். ‘டூஷேன் தசைச் சிதைவு’ என்று மருத்துவர் கூறினர். தசையைக் காக்கும் டிஸ்ட்ரோபின் என்னும் புரதம் உண்டாகாமையால் வரும் நோய் அது. பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கே வரும். முதலில் கால்களும் பின்னர் மூச்சுத் தசைகளும் இதயமும் தளரும். சொந்தத்தில் மணம் முடித்ததால் வந்த வினை என்று ஊரார் என் தமக்கையைப் பழித்தனர். அந்நோய்க்கும் உறவு மணத்துக்கும் தொடர்பில்லை. அதனைத் தமிழில் விளக்கிச் சொல்ல அங்கே எவரும் இலர்.

2017இல் பெருநகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றின் துண்டறிக்கை அவர்கள் கைக்கு வந்தது. வழுவழுப்பான தாள், எட்டுப் பக்கம். ‘உங்கள் செல்வத்தின் கால்கள் மீண்டும் துள்ளும்’ என்பது போன்ற தொடர்கள். ஒற்றுப் பிழை ஒன்றுகூட இல்லை. “தம்பி, நீ தமிழ் படிச்சவன், படிச்சுப் பார்த்துச் சொல்லு” என்றார் என் தமக்கை. நான் படித்தேன். “நல்ல தமிழா இருக்குக்கா” என்றேன். அந்த ஒரு சொல்லை இன்று நினைத்தாலும் நெஞ்சு குறுகுகிறது. தமிழ் நன்றாக இருந்தால் செய்தியும் மெய்யாக இருக்கும் என்று ஒரு தமிழாசிரியன் நம்பினான்.

எங்கள் தந்தையார் விட்டுச்சென்ற நன்செய் ஒரு காணி விலைபோயிற்று. மூன்று முறை ஊசி வழியே குருத்தணு செலுத்தினர். ஆய்வு என்றார்கள், ஆய்வுக்குரிய பதிவெண் எந்தத் தாளிலும் இல்லை. சிகிச்சை என்றார்கள்; அந்நோய்க்கு அத்தகைய சிகிச்சையை எந்த அமைப்பும் ஏற்றிருக்கவில்லை. கையில் எஞ்சியது பணம் பெற்றுக்கொண்ட சீட்டு ஒன்றே. பதினொன்றாம் வயதில் சிறுவன் நடப்பதை நிறுத்தினான்.

2021இல் முறையான மருத்துவ ஆய்வு ஒன்றைப் பற்றி மருத்துவர் ஒருவர் எடுத்துரைத்தார். அதற்கான தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் வந்தன. பதினெட்டுப் பக்கம். அதனையும் என்னிடமே தந்தனர். ‘தற்போக்காக்கப்பட்ட இருமறைவு முறையில் மருந்துப்போலிக் கட்டுப்பாட்டுடன்’ என்று தொடங்கிய தொடர் ஏழு வரி ஓடியது. முதுநிலையும் எம்.பில். பட்டமும் பெற்ற நான் மூன்று முறை படித்தும் பொருள் விளங்கவில்லை. அப்படிவம் நேர்மையானது. தீங்கு நேரலாம், பயன் இல்லாமற்போகலாம், எப்பொழுது வேண்டுமானாலும் விலகலாம் என்பன யாவும் அதில் இருந்தன. ஆனால் ஒருவர்க்கும் புரியாத தமிழில் இருந்தன. வேறிடத்தில் முன்பு உயிரணு செலுத்தப்பட்டவர்களைச் சேர்ப்பதற்கில்லை என்னும் விதி பதினொன்றாம் பக்கத்தில் இருந்தது. அதனை அவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டியவனும் நானே ஆனேன்.

பொய்க்கு நல்ல தமிழ் வாய்த்திருக்கிறது, மெய்க்கு வாய்க்கவில்லை. இக்கட்டுரையில் நான் கூற விரும்புவது இவ்வளவே.

சட்டம் தந்துள்ள காப்பு

2019ஆம் ஆண்டுப் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள், குருத்தணுவிலிருந்து உருவாக்கப்படும் பொருளையும் புதிய மருந்து என்றே கொள்கின்றன. நோயாளிக்கு விளங்கும் மொழியில் செய்தியைக் கூறி அவருடைய ஒப்புதலைப் பெற வேண்டும். எழுதப்படிக்கத் தெரியாதவர் என்றால் நடுநிலைச் சாட்சி ஒருவர் தொடக்கம் முதல் இறுதி வரை உடனிருந்து கையொப்பமிட வேண்டும். ஆய்வினால் உடலுக்குக் கேடு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு. 2009 ஜூன் முதல், மருத்துவ ஆய்வுகளைத் தொடங்குமுன் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு செய்தல் கட்டாயமாக்கப்பட்டது. பதிவெண் இருப்பதனாலேயே மருந்து பயன் தரும் என்பதில்லை. பதிவெண்ணே இல்லையெனில் ஐயுறுவதற்கு அது போதும். குருத்தணு ஆய்வில் சேர்வோரிடம் பணம் பெறுதல் நெறியன்று. ‘ஆய்வு’ என்று சொல்லி இலட்சங்களைக் கேட்பவர் ஆய்வாளர் அல்லர், வணிகர்.

சட்டம் இருந்தும் சொல் சென்று சேராவிட்டால் என்ன நேரும் என்பதற்கு 2009, 2010ஆம் ஆண்டுகளில் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் நடந்த கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டம் சான்று. பழங்குடி மாணவியர் பலர்க்குப் பெற்றோரின் இடத்தில் விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டிருந்தனர். நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் அதனைக் கடுமையாகக் கண்டித்தது. கையொப்பம் இருந்தது, ஒப்புதல் இல்லை.

பாகூர்ச் செப்பேடு கற்பிப்பது

வில்லியனூருக்குத் தெற்கே உள்ள பாகூர், ஏரியாலும் நெல்லாலும் பெயர் பெற்ற ஊர். வாகூர் என்பது அதன் பழம்பெயர். 9ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த கல்விச்சாலைக்குப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் மூன்று ஊர்களைக் கொடையாக அளித்த செய்தி பாகூர்ச் செப்பேட்டில் உள்ளது. செப்பேட்டின் ஒரு பகுதி வடமொழி, ஒரு பகுதி தமிழ். அரச மரபின் புகழ் வடமொழியில் நிற்கிறது. நாட்டார்க்கு விடுத்த ஆணையும், கொடுக்கப்பட்ட ஊர்களும் அவற்றின் எல்லையும் தமிழில் நிற்கின்றன. தம் நிலத்தின் எல்லை எது என்பது உழுகிறவனுக்கு விளங்க வேண்டும் என்பதை அன்றைய அரசு உணர்ந்திருந்தது. நிலத்தின் எல்லைக்கே அவ்வளவு கவலை எனில், தன் உடம்பின் எல்லைக்குள் எது புகப்போகிறது என்பது பாகூர்க் கழனியில் நாற்று நடும் பெண்ணுக்கு விளங்க வேண்டாமா?

எளிய தமிழில் எழுதினால் அறிவியல் நுட்பம் கெடும் என்பர் சிலர். நான் அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு முயன்று பார்த்தேன். ‘தற்போக்கு ஒதுக்கீடு’ என்பதனை, ‘எந்த மருந்து யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் முடிவு செய்வோம், மருத்துவரும் தம் விருப்பப்படி தேர்ந்தெடுக்க முடியாது’ என எழுதலாம். சீட்டுக் குலுக்கலை அறியாத ஊர் எது? ‘மருந்துப்போலி’ என்பதனை, ‘பார்வைக்கு மருந்துபோல் இருக்கும், உள்ளே மருந்து இராது, உங்கள் பிள்ளைக்கு அதுவே கிடைக்கவும் கூடும்’ என எழுதலாம். ‘இருமறைவு’ என்பது, ‘யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்பது ஆய்வு முடியும் வரை உங்களுக்கும் தெரியாது, மருத்துவர்க்கும் தெரியாது’ என்பதே. சொல் நீண்டது, நுட்பம் கெடவில்லை. படித்துக் காட்டியபோது என் தமக்கை, “இதை அப்பவே இப்படிச் சொல்லியிருந்தா நான் கேள்வி கேட்டிருப்பேனே” என்றார். கேள்வி கேட்க வைப்பதுதான் ஒப்புதல் தாளின் பணி.

தமிழ்த்துறை செய்யத்தக்கது

நோயாளியைத் தேற்ற வேண்டாமா, நம்பிக்கையைப் பறிக்கலாமா என்னும் வினா எழும். நீரில் மூழ்குபவனுக்குத் துரும்பும் துணை என்பது உண்மையே. அத்துரும்பை நிலத்தின் விலைக்கு விற்பவனைத் துணைவன் என்று சொல்வதற்கில்லை. திருக்குறள் ‘மருந்து’ அதிகாரத்தில் மருத்துவத்தின் நான்கு உறுப்புகளுள் நோயாளியையும் ஒருவராக வைத்து எண்ணியது. மருத்துவம் யார்மேல் நிகழ்கிறதோ அவர் அதில் பங்குடையவர். பங்குடையவர்க்குச் செய்தி தெரிய வேண்டும்.

ஆதலின் மூன்று பணிகளைத் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளலாம். ஒன்று, மருத்துவ ஆய்வு நடத்தும் நிறுவனங்களின் ஒப்புதல் படிவங்களை எளிய தமிழில் செப்பம் செய்து தர முன்வருதல். இரண்டு, அவ்வாறு எழுதியதை வில்லியனூர், பாகூர் போன்ற கொம்யூன் ஊர்களுக்கு மாணவர் எடுத்துச் சென்று, படித்துக் காட்டி, கேட்டவர் தம் சொற்களில் திருப்பிச் சொல்கின்றனரா எனப் பார்த்தல். திருப்பிச் சொல்ல இயலவில்லையெனில் குறை எழுதியவருடையது. மூன்று, மருத்துவ ஆய்வுகளுக்கு இசைவு தரும் அறநெறிக் குழுவில் பொதுமக்கள் சார்பில் ஒருவர் இடம்பெற வேண்டும் என்று விதி இருக்கிறது. அவ்விடத்தில் தமிழாசிரியர் அமரலாம். அமர்ந்தால், ‘இந்தத் தொடர் எனக்கு விளங்கவில்லை’ என்று வெட்கமின்றிச் சொல்ல வேண்டும்.

மாணவச் செல்வங்களே, யாப்பையும் அணியையும் கற்கிறீர்கள், கற்க வேண்டியவையே. நாளை உங்கள் ஊரில் ஒருவர் அச்சிட்ட தாளொன்றை நீட்டி, “படிச்சுச் சொல்லுங்க தம்பி” என்பார். தமிழ் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பதிவெண் எங்கே, பணம் கேட்கிறார்களா, கேடு நேர்ந்தால் யார் பொறுப்பு என்று கேளுங்கள். என் தமக்கையின் மகன் இன்று சக்கர நாற்காலியில் அமர்ந்து பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் படிக்கிறான். நான் எளிமைப்படுத்திய படிவத்தின் பக்கங்களை முதலில் படித்துத் திருத்துபவன் அவனே. சென்ற முறை ஒரு தொடரின் கீழே கோடிட்டு, “மாமா, இது எனக்கே புரியலை” என்று எழுதியிருந்தான். அதனைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்.